ஆர்கன் வாசிப்பவர் என்னதான் செய்கிறார்?

அக்கா மகன் பத்தாம் வகுப்பு. போன மாதம் மொபைலில் எதையோ மொழிபெயர்க்கவிட்டுப் படித்துக்கொண்டிருந்தவன், தலையைத் தூக்கி, “மாமா, உறுப்பு இசைக்கலைஞர்னா யாரு? கிட்னி சம்பந்தப்பட்டவங்களா?” என்றான்.

சிரித்து முடித்தபிறகு யோசித்தால், மொபைல் மேல் முழுத் தப்பும் இல்லை. கிரேக்கத்தில் ‘ஆர்கனான்’ என்றால் கருவி. உடம்புக்குள் வேலை பார்க்கும் கருவிக்கும் அந்தப் பெயர்தான், காற்றில் பாடும் கருவிக்கும் அந்தப் பெயர்தான். ஆனால் அவனுக்கு ஆர்கன் என்றால் என்ன என்று சொல்ல உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. நம் பக்கத்தில் வாயில் வைத்து ஊதும் மவுத் ஆர்கனும் ஆர்கன், கச்சேரி மேடையில் நிற்கும் கீபோர்டும் சிலருக்கு ஆர்கன், மாதா கோவில் மூலையில் தூசி படிந்து கிடக்கும் கால் ஆர்மோனியமும் ஆர்கன். இவை எல்லாவற்றுக்கும் பெரியப்பா ஒருவர் இருக்கிறார்: பைப் ஆர்கன். அவரைப் புரிந்துகொண்டால் மற்றவர்கள் தானாகப் புரிவார்கள்.

டெல்டாக்காரனுக்கு பைப் ஆர்கனை விளக்குவது சுலபம். அது காற்றுக்குக் கட்டிய ஒரு பாசன அமைப்பு.

மேட்டூரில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கல்லணைக்கு வந்ததும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால்கள், கடைசியில் உங்கள் வயலுக்கு ஒரு மடை. ஆர்கனில் அணையின் இடத்தில் இருப்பது துருத்தி. காற்றைச் சேர்த்து, ஒரே அழுத்தத்தில் வைத்திருப்பது அதன் வேலை. (திருப்பூந்துருத்திக்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். அந்தத் துருத்தி ஆற்றுக்கு நடுவே மேடாக நிற்கும் நிலம். கொல்லன் பட்டறைத் துருத்தி வேறு.) துருத்தியிலிருந்து காற்று ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் வருகிறது. அந்தப் பெட்டியின் மேல்தான் குழல்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

இப்போது கவனியுங்கள். ஒரு வயலுக்குத் தண்ணீர் பாய வேண்டுமென்றால் இரண்டு இடம் திறந்திருக்க வேண்டும். வாய்க்கால் தலைப்பில் ஷட்டரைத் தூக்கியிருக்க வேண்டும், வயல் வரப்பில் மடையையும் வெட்டியிருக்க வேண்டும். ஒன்று மூடியிருந்தாலும் சொட்டுத் தண்ணீர் வராது. ஆர்கனும் அப்படித்தான். விரல் ஒரு கட்டையை அழுத்தும்போது அந்த ஸ்வரத்துக்கான வால்வு திறக்கிறது. ஆனால் அதே ஸ்வரத்துக்குப் பத்து வரிசையில் பத்துக் குழல்கள் இருக்கும். எந்த வரிசை பேசலாம் என்று முடிவு செய்வது பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடிகள். அவற்றுக்கு ‘ஸ்டாப்’ என்று பெயர். ஒரு ஸ்டாப்பை இழுத்தால், அந்த வரிசைக் குழல்களுக்கு அடியில் இருக்கும் துளைபோட்ட மரப்பட்டை நகர்ந்து, துளையும் துளையும் நேராகின்றன. கட்டையும் அழுத்தி, ஸ்டாப்பும் இழுத்திருந்தால்தான் குழலுக்குள் காற்று ஏறும். ஸ்டாப் எதையும் இழுக்காமல் ஜெர்மன் இசைமேதை பாஹ் வந்து உட்கார்ந்து வாசித்தாலும் டக் டக் என்று மரச்சத்தம்தான் கேட்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 61 கட்டைகள், 10 வரிசைகள் என்றால் 610 குழல்கள். இது சின்ன ஆர்கன். பெரிய ஆர்கன்களில் பல ஆயிரம் இருக்கும்.

குழல்களில் இரண்டு ஜாதி. ஒன்று புல்லாங்குழல் ஜாதி: காற்று ஒரு விளிம்பில் மோதி உடைந்து, அதிலிருந்து நாதம் பிறக்கிறது. இன்னொன்று நாகஸ்வர ஜாதி: உள்ளே ஒரு நாக்கு அதிர்கிறது. நாகஸ்வரத்தின் சீவாளியில் நாணல் தட்டை இரண்டு ஒன்றோடொன்று அதிரும். ஆர்கன் குழலில் பித்தளை நாக்கு ஒன்று. நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு ஆர்கனின் இந்த இரண்டாவது ஜாதிக் குழல்கள் உடனே பிடிக்கும் என்பது என் அபிப்பிராயம். அந்தக் கரகரப்பும் ஆண்மையும் நாகஸ்வரம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரிதான் இருக்கும்.

ஸ்டாப்களின் மேல் 8, 4, 16 என்று எண்கள் எழுதியிருக்கும். பார்த்ததும் பயந்துவிடாதீர்கள், அது அடிக்கணக்கு. கீபோர்டின் கடைசிக் கீழ் ஸ்வரத்துக்குத் தேவையான திறந்த குழலின் நீளம் சுமார் எட்டடி. அதனால் ‘8’ என்றால் இயல்பான ஸ்தாயி. குழல் பாதியானால் ஸ்தாயி ஒன்று ஏறும், ஆகவே ‘4’ ஒரு ஸ்தாயி மேலே. ‘16’ ஒரு ஸ்தாயி கீழே. பெரிய ஆர்கன்களில் 32 அடி கூட உண்டு. அதன் கடைக்கோடி ஸ்வரம் நொடிக்கு 16 அதிர்வு. காதில் விழுவதைவிட நெஞ்சாங்கூட்டில்தான் தெரியும். கையில் காசு குறைவாக இருக்கும் சபைக்கு ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. குழலின் மேல்வாயை மூடிவிட்டால் பாதி நீளத்திலேயே அதே கீழ் ஸ்வரம் கிடைக்கும், நாதம் மட்டும் கொஞ்சம் மந்தமாக இருக்கும்.

சரி, கருவி புரிந்தது. வாசிப்பவர் என்ன செய்கிறார்?

பியானோ தெரிந்தவர் ஆர்கனில் உட்கார்ந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் கலங்கிப்போவார். பியானோவில் ஓங்கி அடித்தால் சத்தம் கூடும். ஆர்கனில் கட்டையைச் சுண்டுவிரலால் தொட்டாலும் ஒரே சத்தம், முட்டியால் குத்தினாலும் ஒரே சத்தம். மடையை மெதுவாகத் திறந்தாலும் வேகமாகத் திறந்தாலும் வாய்க்காலில் இருக்கும் தண்ணீர்தானே வரும்! அதேபோல பியானோ ஸ்வரம் தொட்டதும் தேயத் தொடங்கும். ஆர்கன் ஸ்வரம் விரல் இருக்கும்வரை அப்படியே நிற்கும். விரலை எடுத்த அடுத்த கணம் போய்விடும், வால்கூட இருக்காது.

அப்படியானால் வாசிப்பில் பாவம் (உணர்ச்சி) எங்கிருந்து வருகிறது? இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே விடும் இடைவெளியிலிருந்து. ஒரு ஸ்வரத்தை அழுத்தமாகக் காட்ட வேண்டுமா, அதற்கு முந்தைய ஸ்வரத்தை ஒரு இம்மி முன்னாலேயே விட்டுவிட வேண்டும். அந்த இம்மி மௌனம் அடுத்த ஸ்வரத்தைத் தூக்கிக் காட்டும். எனக்குக் கால் ஆர்மோனியம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் பென்சிலோடு பக்கத்தில் நிற்பார். நான் எப்போது விரலை வைக்கிறேன் என்று பார்க்கவே மாட்டார். எடுக்கும்போது பிசகினால் மட்டும் மணிக்கட்டில் ஒரு தட்டு. “வைக்கிறது குழந்தைக்கும் வரும் தம்பி. எப்ப எடுக்கிறன்னு சொல்லு.”

ஸ்வரங்களை இடைவெளியே இல்லாமல் சேர்க்க வேண்டிய இடங்களும் வரும். அங்கே ஒரு வித்தை இருக்கிறது: அழுத்திய கட்டையை விடாமலே விரலை மாற்றுவது. மோதிர விரல் பிடித்திருக்கும் கட்டைக்குள் சுண்டுவிரலை நுழைத்து, மோதிர விரலை விடுவித்து அடுத்த கட்டைக்கு அனுப்புவது. பார்ப்பவருக்குக் கை அசையாமல் கிடப்பது போலத் தெரியும், உள்ளே பத்து விரலும் இடம் மாறிக்கொண்டிருக்கும்.

சத்தத்தைக் கூட்டக் குறைக்க ஸ்டாப்களைச் சேர்க்கலாம், கழிக்கலாம். இன்னொரு வழி, ஒரு தொகுதிக் குழல்களை மர அறைக்குள் வைத்து, அதன் முன்பக்கத்தில் ஜன்னல் பலகைகள் மாதிரி ஷட்டர்கள் போட்டிருப்பார்கள். காலால் ஒரு மிதியை அழுத்தினால் ஷட்டர் திறக்கும், சத்தம் வெளியே வரும். எந்தப் பாட்டுக்கு எந்த ஸ்டாப்களைச் சேர்ப்பது என்பது ஆர்கனிஸ்ட்டின் கைமணம். சமையல் போலத்தான். பத்து மசாலாவையும் கொட்டினால் குழம்பு கெடும் என்பது புதிதாக வாசிப்பவருக்குத் தெரியாது, எல்லா ஸ்டாப்பையும் இழுத்துவிடுவார்.

அப்புறம் கால். இதுதான் வேடிக்கை பார்ப்பவர்களை அசத்தும். பெஞ்சுக்குக் கீழே, மரத்தில் நீளநீளமாக 30 அல்லது 32 கட்டைகள் கொண்ட இன்னொரு கீபோர்டு கிடக்கும். இரண்டு கைகளும் மேலே வாசித்துக்கொண்டிருக்க, கால்நுனியும் குதிகாலும் மாறிமாறிக் கீழ் ஸ்வரங்களை வாசிக்கும், குனிந்து பார்க்காமல். அதனால் ஆர்கன் நோட்டில் மூன்று வரிகள்: வலது கைக்கு, இடது கைக்கு, காலுக்கு. இதற்கென்றே வழுவழுப்பான அடிப்பாகமும் சின்ன ஹீலும் வைத்த ஷூ மேல்நாட்டில் விற்கிறது. செருப்பைக் கோவில் வாசலில் விட்டுவிட்டு உள்ளே வரும் நமக்கு அது கொஞ்சம் விநோதம்தான்.

காலின் வேலையில் மிக எளியது, ஒரே கீழ் ஸ்வரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது. மேலே கைகள் எங்கெங்கோ போய்வரும். கீழே அந்த ஒற்றை ஸ்வரம் அசையாது. இதற்கு அவர்கள் ‘பெடல் பாயிண்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு இது ஒத்து. சுருதிப்பெட்டி வருவதற்கு முன் நாகஸ்வரக்காரர் பக்கத்தில் ஒத்துக்காரர் உட்கார்ந்து, கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் இழுத்துக்கொண்டே, இடைவிடாமல் ஒரே ஸ்வரத்தை ஊதுவாரே, அந்தக் கன்னம்தான் துருத்தி.

துருத்தி என்றதும் ஒரு வருத்தமான செய்தி. மின்சார ஊதி வருவதற்கு முன் ஆர்கனிஸ்ட் தனியாக வாசிக்கவே முடியாது. பின்னால் ஒருவரோ நான்கு பேரோ துருத்தியை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாதகம் பண்ண நினைத்தால்கூட அவர்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். கைதட்டல் எல்லாம் முன்னால் உட்கார்ந்தவருக்கு. மிதித்தவர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

இந்தக் கருவியின் வயது 2200 வருடத்துக்கு மேல். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் க்டெசிபியோஸ் என்ற பொறியாளர் தண்ணீரின் எடையால் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ஆர்கனைச் செய்தார். அவர் மனைவி தாயிஸ்தான் அதை முதலில் கற்று வாசித்தவர் என்று பழைய எழுத்துகள் சொல்கின்றன. தேவாலயத்துக்குள் ஆர்கன் நுழைந்தது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

வாசித்தவர்களின் கதைகளில் எனக்குப் பிடித்தவை மூன்று. பாஹ் இருபது வயதில் ஆர்ன்ஷ்டாட் என்ற ஊரில் ஆர்கனிஸ்ட். 1705இல், லூபெக்கில் பக்ஸ்டஹூட என்ற பெரியவரின் வாசிப்பைக் கேட்க நான்கு வாரம் லீவு கேட்டு, சுமார் 400 கிலோமீட்டர் நடந்தே போனார். தஞ்சாவூரில் கிளம்பி சென்னையையும் தாண்டிப் போகிற தூரம். நான்கு வாரம் நான்கு மாதமானது. திரும்பி வந்ததும் சபைப் பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அடுத்தவர் விதோர். 1870இல் பாரிஸின் செயின்ட் சுல்பிஸ் ஆலயத்தில் அவரைத் ‘தற்காலிகமாக’ நியமித்தார்கள். பணி நிரந்தரம் செய்யாமலே 1933 வரை வாசித்தார். நம்மூர்த் தொகுப்பூதிய ஆசிரியர்கள் இவரைத் தங்கள் சங்கத்துக்குக் கௌரவத் தலைவராக வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாமவர் ஒலிவியே மெசியான். 1931இலிருந்து 1992இல் இறக்கும்வரை பாரிஸின் ட்ரினிதே ஆலயத்தில் ஆர்கனிஸ்ட். இவர் 13ஆம் நூற்றாண்டின் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்தில் வரும் 120 தேசி தாளங்களின் பட்டியலைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கணக்குகளைத் தன் இசைக்குள் கொண்டுபோனவர். பாரிஸ் ஆலயத்து ஆர்கனில் நம் தாளக்கணக்கு ஒலித்திருக்கிறது என்பது தஞ்சாவூர்க்காரர்களே அதிகம் அறியாத சங்கதி.

இங்கே நம் கரைக்கு வருவோம். 1706 ஜூலையில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அவரும் பின்னால் வந்தவர்களும் ஜெர்மன் பாடல்களை மெட்டு மாறாமல் தமிழில் கொண்டுவந்தார்கள். லுத்தரன் சபைகளில் இன்றும் அவற்றுக்கு ஞானப்பாட்டு என்று பெயர். இன்னொரு பக்கம், தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ராகம் தாளம் போட்டுக் கீர்த்தனைகளாகப் பாடினார். ஆகவே நம் பக்கத்து ஞாயிறு ஆராதனையில் பத்து நிமிட இடைவெளியில் ஞானப்பாட்டும் வரும், கீர்த்தனையும் வரும்.

வாசிப்பவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஞானப்பாட்டு நான்கு குரலுக்காக எழுதியது; ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே ஒரு கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) மாறிக்கொண்டே போகும். அந்தப் பழக்கத்தில் கீர்த்தனைக்கும் கார்டு போட்டால் ராகம் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். கீர்த்தனைக்கு இடது கையில் ஸட்ஜமும் பஞ்சமமும் ஒத்துபோலப் பிடித்து, வலது கையில் மெட்டை மட்டும் ஒட்டிப்போனால் போதும். கமகம் வராது, கட்டையில் வழுக்க முடியாது. அந்தக் குறையைச் சொல்லித்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டு, 1971 வரை வைத்திருந்தது. என்னைக் கேட்டால், வராததை வரவழைக்கப் பார்ப்பதைவிட அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டுப் பாடுபவர்களுக்கு விட்டுவிடுவது மேல்.

நம்மூர் ஆலயங்களில் பைப் ஆர்கனைத் தேடிப் போகாதீர்கள். சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல், செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் போன்ற இடங்களில் இருக்கிறது. நம் பக்கத்தில் அந்த வேலையைப் பார்த்தது கால் ஆர்மோனியம். இசை நாடக மேடையில் ஓரமாக இருக்குமே, அதே பெட்டி. இதில் குழல் கிடையாது. பித்தளைச் சட்டத்துக்குள் முன்னும் பின்னும் அசையும் மெல்லிய ரீடு மட்டும். ரீடின் நீளமும் கனமும்தான் ஸ்வரத்தைத் தீர்மானிக்கும். பாரிஸில் தெபென் என்பவர் 1842இல் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கல்கத்தாவில் கைத்துருத்தி வைத்துச் சிறிதாக்கியதுதான் நாம் பஜனையில் பார்ப்பது. கால் பெட்டியின் சௌகரியம், இரண்டு கையும் வாசிப்புக்குக் கிடைக்கும். அசௌகரியம், வாசிப்பவரே துருத்தி மிதிக்கும் ஆளும்.

1935இல் ஹாமண்ட் என்பவர் காற்றே இல்லாமல், சுழலும் பல்சக்கரங்களை வைத்து மின்சார ஆர்கன் செய்தார். அதிலும் விடாமல் 16, 8, 4 என்று குழலின் அடிக்கணக்கைத்தான் எழுதினார்கள். இன்றைய கீபோர்டில் ‘சர்ச் ஆர்கன்’ என்ற பட்டன் அந்த வம்சத்தின் கடைக்குட்டி.

நான் வாசித்த கோவிலிலும் கீபோர்டு வந்தபிறகு கால் ஆர்மோனியத்தைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டார்கள். ஒரு கிறிஸ்துமஸ் இரவு, மழை, இரண்டாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் லைட்டுக்கு மட்டும்தான். நானும் ஆலய வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளையும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியை இழுத்துவந்தோம். மிதித்தால் புஸ்ஸென்று ஒரு சத்தம், எலி துருத்தியைக் கடித்து வைத்திருக்கிறது. ஓட்டை வழியே போவதைவிட வேகமாக மிதித்தால்தான் நாதம் நிற்கும். அன்று ஏழு பாட்டு, மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை. சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைப் பஞ்சர் சொல்யூஷனில் ஒட்டிச் சரிசெய்தோம், இன்னும் பிடித்திருக்கிறது.

அந்த இரவில் இன்னொன்று புரிந்தது. மிதித்து மிதித்து எனக்கு மூச்சு வாங்கியதால், ஒவ்வொரு சரணம் முடிந்ததும் கொஞ்சம் நின்றேன். சபை முழுக்க அதே இடத்தில் மூச்சு வாங்கியது. பாட்டு அதுவரை அவ்வளவு சேர்ந்து ஒலித்ததில்லை. கீபோர்டு வாசித்த வருடங்களில் நான் யாருடைய மூச்சையும் கவனிக்காமல் அடுத்த சரணத்துக்கு ஓடியிருக்கிறேன். கூட்டத்தைப் பாடவைக்கும் ஆர்கனிஸ்ட் தானும் மனதுக்குள் வரிகளைப் பாடிக்கொண்டே வாசிக்க வேண்டும் என்று புத்தகங்களில் சொல்வது இதைத்தான்.

ஆனால் பெரிய ஆலயத்தில் நேர்மாறான ஆபத்து ஒன்று இருக்கிறது. குழல்கள் ஒரு கோடியில், சனங்கள் மறுகோடியில். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள், கடைமடைக்கு அதற்கும் மேல். ஆர்கனிஸ்ட் வாசித்தது சபைக்குத் தாமதமாகப் போய், சபை பாடியது அவருக்கு இன்னும் தாமதமாகத் திரும்பிவரும். அவர்களுக்காகக் காத்திருந்தால் பாட்டு நத்தையாகிவிடும். மூச்சுக்கு நிற்க வேண்டும், எதிரொலிக்கு நிற்கக் கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் பழகப் பழகத்தான் பிடிபடும்.

முயன்று பார்க்க ஆசையிருந்தால் சாதாரண கீபோர்டு போதும். ‘சர்ச் ஆர்கன்’ பட்டனைத் தட்டி, ஸ ரி க ம நான்கையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமலும் நடுவில் விட்டுப்போகாமலும் வாசித்துப் பாருங்கள். பிறகு அதே நான்கையும் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு இம்மி இடைவெளி விட்டு. வித்தியாசம் உங்கள் காதுக்கே தெரியும்.

அக்கா மகனை அப்படித்தான் உட்காரவைத்தேன். ஸ ரி க ஒழுங்காக வந்தது. ‘ம’வில் விரலை வைத்தவன், “மாமா, இது நிக்கவே மாட்டேங்குது” என்று என்னைத் திரும்பிப் பார்த்தான், விரலை எடுக்காமலே. அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள்: “எவன்டா அது வாசல்ல லாரிய நிறுத்திட்டு ஹாரன் அடிக்கிறவன்?”